கொள்கலனுக்குள் இருப்பது எந்த லினக்ஸ்?

மாணவர்களே, ஒரு செயலியையும் அது இயங்கத் தேவையான கோப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டித் தருவதே 'கொள்கலன்'. பெரும்பாலான கொள்கலன்கள் டெபியன், அல்பைன், உபுண்டு போன்ற ஏதாவதொரு லினக்ஸ் படிமத்தின்மீது உருவாக்கப்படுகின்றன. அது எதுவென்று எப்படிக் கண்டறிவது?

'யுநேம்' கட்டளையை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். கொள்கலனுக்கெனத் தனிக் கெர்னல் கிடையாது. தன்னைத் தாங்கும் கணினியின் கெர்னலையே அது பகிர்ந்துகொள்கிறது. ஆகவே, அந்தக் கணினியின் கெர்னல் விவரமே திரையில் தோன்றும்.

மாறாக, கொள்கலனுக்குள் 'இடிசி' கோப்புறையில் உள்ள 'ஓஎஸ்-ரிலீஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள். பெயரும் பதிப்பு விவரமும் அதில் இருக்கும். அந்தக் கோப்பு இல்லையென்றால், மென்பொருள் நிறுவும் கருவியைத் தேடுங்கள். 'ஏபிகே' இருந்தால் பெரும்பாலும் அல்பைன். 'ஏபிடி' இருந்தால் டெபியன் அல்லது அதன் வழிவந்த உபுண்டு போன்றவை.

பதிப்பு ஏன் முக்கியம்? கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், வெளியாள் கணினிக்குள் நுழைய உதவும் கள்ள வாசல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது 2024 மார்ச்சில் அம்பலமானது. டெபியனின் சோதனைப் பதிப்பில் அது புகுந்திருந்தது, நிலைப்பதிப்பில் புகவில்லை. இரண்டுக்கும் பெயர் டெபியன்தான். பெயரை மட்டும் பார்த்தவருக்குத் தம் கொள்கலன் ஆபத்தில் உள்ளதா என்று தெரிந்திருக்காது. ஆகவே, பெயரோடு பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.