தழும்பு மறையலாம், தகவல் மறையக் கூடாது

கல்யாண வயதுப் பெண்ணுக்குத் தைராய்டு கட்டி என்றால், வீட்டில் முதலில் எழும் கேள்வி ‘கழுத்தில் தழும்பு தெரியுமா?’ என்பதுதான். அந்தக் கவலை நியாயமானது. ‘தழும்பில்லா ஆபரேஷன்’ தேடி சேலத்துக்கோ பெங்களூருக்கோ புறப்படும் தர்மபுரிக் குடும்பங்கள், பணம் கட்டும் முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ன செய்கிறார்கள்?

கீழ் உதட்டின் உட்புறம் மூன்று துளைகள் போட்டு, கேமராவையும் கருவிகளையும் கழுத்துக்குள் செலுத்துவது ஒரு முறை. பாங்காக் மருத்துவர் ஆங்கூன் அனுவாங் 60 பேருக்குச் செய்த சிகிச்சையின் விவரங்களை 2016இல் வெளியிட்டார். பிறகு இது பல நாடுகளுக்கும் பரவியது. அக்குள், மார்பு வழியாகவும் செய்கிறார்கள். அப்போது தழும்பு ஆடைக்குள் மறைந்திருக்கும்.

சிறிய, தீங்கற்ற கட்டிகளுக்கே இவை பெரும்பாலும் ஏற்றவை. மார்புக்குள் இறங்கிய பெரிய கழலைக்கும், பரவிய புற்றுநோய்க்கும் பொருந்தாது.

ஆபத்துகள்

எந்த வழியில் போனாலும் உள்ளே இருப்பது அதே குரல்வளை நரம்பும், அரிசி மணியளவுள்ள பாராதைராய்டு சுரப்பிகளும்தான். நரம்பு பாதிக்கப்பட்டால் குரல் கம்மும். சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் குறையும். வாய்வழி அறுவையில் தாடை மரத்துப்போவதும் உண்டு.

உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, கை இழுத்துக்கொள்ளுதல் ஆகியவை கால்சியம் குறைந்ததன் அடையாளங்கள். வீடு திரும்பிய பிறகும் இவை வரலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்து வீங்கி மூச்சு திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

உங்கள் உரிமைகள்

ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம், அவசரமில்லாத வேறு சிகிச்சைக்குச் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. ஆகவே, ‘தேவைப்பட்டால் கழுத்தைத் திறப்பீர்களா? தைராய்டில் பாதியை எடுப்பீர்களா, முழுவதையுமா? இந்த முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறலாம்.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், எந்த முறைக்கு எவ்வளவு அனுமதி என்பதை 1800 425 3993இல் முன்பே கேட்டுவிடுங்கள்.

தவறு நடந்தால்

பாதிப்பு ஏற்பட்டாலே அது கவனக்குறைவு ஆகிவிடாது. திறமையாகச் செய்த அறுவையிலும் பாதிப்பு வரலாம். ஆனால் ஆபத்தைச் சொல்லாமல் மறைத்தாலோ, உரிய கவனம் எடுக்காவிட்டாலோ கேள்வி கேட்கலாம். தனியார் மருத்துவமனை என்றால் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. அங்கே டீனிடம் எழுத்தில் முறையிடலாம்; உயர் நீதிமன்றத்தையும் நாடலாம். மருத்துவரின் நடத்தை குறித்து தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.