வலை பொத்தும் வீட்டிலிருந்து கலாநிதிப் பட்டத்துக்கு

இறக்கக்கண்டியில் வாடி நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு தாய் என்னைக் கூப்பிட்டார். யுத்தத்தில் கணவரை இழந்தவர்.

“மிஸ், என்ட மகள் உயர்தரம் கெமிஸ்ட்ரி படிக்கிறா. பிளாஸ்டிக்கில ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் எடுக்கப் போறாவாம். குப்பையில போடுற சாமானில என்ன படிப்பு மிஸ்? நல்ல இடத்தில கலியாணமும் பேசி வந்திருக்கு.”

நான் சமூகவியல் படித்தவள். இரசாயனவியல் எனக்குத் தூரம். ஆனாலும் அந்தப் பிள்ளைக்காகத் தேடிப் படித்தேன்.

அந்தத் தாயின் கையிலிருந்த நைலோன் நூலே ஒரு பல்பகுதியம்தான். சிறிய மூலக்கூறுகள் வரிசையாகக் கைகோத்து நீண்ட சங்கிலியானால் அது பல்பகுதியம். நைலோன் 1935இல் அமெரிக்காவின் டியூபொன்ட் கம்பனி ஆய்வுகூடத்தில் உருவானது. 1946இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் ஸ்டெஃபனி குவோலெக். பத்து வயதில் தகப்பனை இழந்தவர். தாய் வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்தார். மருத்துவம் படிக்கக் காசு சேர்ப்பதற்கென்று வந்த குவோலெக், ஆராய்ச்சி பிடித்துப்போய் அங்கேயே நின்றுவிட்டார்.

1965இல் அவர் செய்த கரைசலொன்று மோர்போலக் கலங்கிக் கிடந்தது. இடியப்ப உரல்போல நுண்துளைகளால் நூல் பிழியும் இயந்திரத்தில் அதை ஊற்ற ஊழியர் மறுத்தார். துளை அடைத்துவிடுமென்ற பயம். குவோலெக் விடவில்லை. கடைசியில் பிழிந்த நூல், எடைக்கு எடை உருக்கைவிட ஐந்து மடங்கு பலமானது. குண்டு துளைக்காத அங்கியில் இருக்கும் கெவ்லார் அதுதான்.

குவோலெக் கலாநிதிப் பட்டம் பெறவில்லை. அந்தக் காலம் வேறு. இன்று இந்தத் துறையில் சொந்தமாக ஆராய்ச்சி நடத்த அந்தப் பட்டம் பெரும்பாலும் தேவைப்படுகிறது.

பிள்ளை சொன்ன முப்பரிமாண அச்சும் இடியப்பம் பிழிவதுபோலத்தான். உருகிய பிளாஸ்டிக்கைக் கணினி சொல்லும் வழியில் பிழிந்து, படைமேல் படையாகப் பொருளை வளர்ப்பார்கள். ஸ்கொட் கிரம்ப் என்பவர் மகளுக்கு விளையாட்டுத் தவளை செய்யப்போய்க் கண்ட வழி இது. இதில் ஒரு குறை உண்டு. கீழ்ப் படை ஆறிவிட்டால் மேற்படையின் சங்கிலிகள் அதனோடு பின்னிக்கொள்ளாது. பாரம் ஏறினால் அந்த இடத்தில் பிளக்கும். முடிச்சு இறுகாத வலை மாதிரி.

செயற்கைக் காலில் நம் கால் பொருந்தும் குழியை இப்படி அச்சிடப் பல நாடுகளில் முயல்கிறார்கள். நடக்கும்போது அது பிளந்தால் என்னவாகும் என்று உங்களில் சிலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பிளாஸ்டிக், எந்தச் சூடு, எந்த வேகம் என்று கண்டுபிடிக்கத்தான் பல்பகுதியம் படித்தவர்கள் வேண்டும்.

இனி வழி. உயர்தரத்தில் இரசாயனவியலோடு பௌதிகவியல், இணைந்த கணிதம் இருந்தால் நல்லது. திருகோணமலை பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்படுவதால் அனுமதியில் தனி ஒதுக்கீடும் உண்டு. வந்தாறுமூலை, யாழ்ப்பாணம், பேராதனை எங்கும் இரசாயனவியல் படிக்கலாம். ஸ்ரீ ஜயவர்த்தனபுரவில் பல்பகுதிய விஞ்ஞானமே இருக்கிறது. அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணமில்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மகாபொல அல்லது பர்சரி உதவி உண்டு.

பெரும்பாலான தாய்மாருக்குத் தெரியாத விஷயம் இதற்குப் பிறகு வருகிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்குப் பொதுவாகக் கட்டணத்தைத் தள்ளி, மாதப்படியும் கொடுப்பார்கள். பதிலுக்கு ஆய்வுகூடத்தில் அல்லது வகுப்பில் வேலை செய்ய வேண்டும். நல்ல பெறுபேறும் ஆங்கிலமும் வேண்டும். ஆங்கிலத்தைக் கடைசி வருடத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது.

காலம் எடுக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பட்டத்துக்கு நான்கு வருடம், பிறகு கலாநிதிக்கு ஐந்து வருடமளவில். அந்தத் தாய் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்.

“அப்ப முப்பது வயசாகிடும்” என்றார்.

“ஓம் அக்கா, ஆகும்.”

ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “கலியாணக்காரருக்கு என்ன சொல்லுறது மிஸ்? நீங்களும் ஒருக்கா வந்து கதைப்பீங்களா?”

வெள்ளிக்கிழமை போவதாக இருக்கிறேன்.