டெசர்ட் டிரிப்: மூத்த ராக் கலைஞர்கள் ஒரே மேடையில்

டெசர்ட் டிரிப் என்பது 2016 அக்டோபரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் நடைபெற்ற ராக் இசை விழா. இண்டியோ என்ற பாலைவன நகரில் உள்ள எம்பயர் போலோ கிளப் மைதானத்தில் மூன்று இரவுகள் நடந்து, அடுத்த வார இறுதியில் அதே வரிசையில் மீண்டும் மூன்று இரவுகள் நடந்தது. முதல் இரவு பாப் டிலனும் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவும், இரண்டாம் இரவு நீல் யங்கும் பால் மெக்கார்ட்னியும், மூன்றாம் இரவு தி ஹூ குழுவும் ரோஜர் வாட்டர்ஸும் வாசித்தனர். முன்னணிப் பாடகர்களில் இளையவரான நீல் யங்குக்கு அப்போது 70 வயது. மூத்தவரான டிலனுக்கு 75.

இதே மைதானத்தில்தான் இளைஞர்கள் திரளும் கோச்செல்லா விழாவும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆங்கிலத்தில் 'ஓல்ட்' என்றால் வயதானது. ஆகவே பத்திரிகைகள் இதற்கு 'ஓல்ட்செல்லா' என்று பட்டப்பெயர் வைத்தன. கேலிதான். ஆனால் மெக்கார்ட்னி பீட்டில்ஸிலும் வாட்டர்ஸ் பிங்க் ஃபிளாய்டிலும் இருந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், 1960களின் ராக் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி அந்த மூன்று இரவுகளுக்குள் அடங்கியிருந்தது.

விழாவின் அமைப்பு

வழக்கமான ராக் விழாவில் பல மேடைகள் இருக்கும். ஒரே நேரத்தில் பல குழுக்கள் வாசிக்கும். பெரும்பாலான குழுக்களுக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. இங்கே ஒரே மேடை, இரவுக்கு இரண்டே கச்சேரிகள், இரண்டும் முழு நீளம். மெக்கார்ட்னி இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாடினார். மைதானத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன, படிவரிசை அரங்குகளும் கட்டப்பட்டிருந்தன. கேட்க வந்தவர்களிலும் பலர் ஐம்பதைக் கடந்தவர்கள் அல்லவா?

மூன்று நாள் சீட்டின் விலை 399 டாலரில் தொடங்கி 1,599 டாலர் வரை இருந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 75,000 பேர் வந்தனர். இரண்டு வார இறுதிகளிலும் சேர்த்து வசூல் சுமார் 16 கோடி டாலர் என்று இசைத்துறை இதழ்கள் எழுதின. 1999க்குப் பிறகு இணையத்தில் பாடல்கள் இலவசமாகப் பரவத் தொடங்கியதும் இசைத்தட்டு விற்பனை சரிந்தது. ஒரு காலத்தில் தட்டு விற்பதற்காகச் சுற்றுப்பயணம் போனார்கள். இப்போது சுற்றுப்பயணமே வருமானம். ஆகவே முதிய குழுக்கள் ஓய்வு பெறாமல் இருப்பதற்கு இசை ஆர்வம் மட்டும் காரணமல்ல.

இவ்வளவு பெரிய திடலில் கடைசி வரிசைக்கு ஒலியைக் கொண்டு செல்வது தனிக் கலை. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவருக்கு டிரம்மின் அடி அரை நொடி தாமதமாகவே கேட்கும். அதனால் திடலின் நடுவே கோபுரங்களில் ஒலிபெருக்கிகளைக் கட்டி, மேடையிலிருந்து வரும் ஒலியோடு பொருந்தும்படி அவற்றின் ஒலியைக் கணக்கிட்டுத் தாமதப்படுத்துவார்கள். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லாததால், தூரத்தில் இருப்பவருக்குத் திரையில் கோல் விழுந்த பிறகே சத்தம் வந்து சேரும்.

முதுமையும் குரலும்

வயது ஏற ஏறக் குரல்நாண்கள் மெலிந்து நெகிழ்ச்சி இழக்கின்றன. நுரையீரலில் மூச்சுப் பிடிக்கும் அளவும் குறைகிறது. மேல் ஸ்தாயியில் நிற்பதும் நீண்ட சுரங்களை இழுப்பதும் கடினமாகின்றன. இருபது வயதில் அடித்தொண்டையிலிருந்து கத்திப் பாடிய பாட்டை எழுபதிலும் அப்படியே கேட்க விரும்புகிறது கூட்டம். இதற்குப் பாடகர்கள் கையாளும் வழிகள் சில உண்டு: சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்குவது, உச்ச வரிகளைத் துணைப் பாடகர்களிடமோ கூட்டத்திடமோ விட்டுவிடுவது, மெட்டையே மாற்றிவிடுவது.

டெசர்ட் டிரிப் இந்த வகையில் ஒரு நல்ல பாடம். டிலன் பழைய பாடல்களை இசைத்தட்டில் உள்ளதுபோல் பாடுவதே இல்லை. ஊர் அறிந்த பாட்டைக்கூடச் சில வரிகள் போன பிறகுதான் அடையாளம் காண முடியும். பெரும்பாலும் பியானோவில் அமர்ந்திருந்தார். திரைகளிலும் அவர் முகத்தை நெருக்கத்தில் காட்டுவதற்குப் பதிலாகப் பழைய கறுப்பு வெள்ளைப் படக்காட்சிகள் ஓடின. அவருக்கு நேர்மாறு ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகர். 73 வயதில் மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினார். வாட்டர்ஸ் கவனத்தைத் தன் உடலிலிருந்து காட்சிக்குத் திருப்பினார்: திடலைச் சுற்றி ஒலிபெருக்கிகள், லண்டனின் பேட்டர்சீ மின்நிலையத்தின் பிரம்மாண்ட உருவம், தலைக்கு மேல் மிதந்த காற்றடைத்த பன்றி. மெக்கார்ட்னியின் குரலில் பிசிர் தெரிந்தது. அவர் அதை மறைக்க முயலவில்லை. எனக்கு அதுவே இவற்றில் நேர்மையானதாகப் படுகிறது.

தி ஹூ குழுவின் நிலை வேறு. டிரம் வாசித்த கீத் மூன் 1978இலும், பேஸ் கிதார் வாசித்த ஜான் என்ட்விசில் 2002இலும் இறந்துவிட்டனர். ரோஜர் டால்ட்ரியும் பீட் டவுன்ஷெண்டும் மட்டுமே பழையவர்கள். மூனின் இடத்தில் டிரம் வாசித்தவர் ஸாக் ஸ்டார்க்கி, பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டாரின் மகன்.

சேர்ந்து வாசித்தது எவ்வளவு?

உண்மையில் மிகக் குறைவு. ஒவ்வொரு தரப்பும் தன் கச்சேரியை முடித்துக்கொண்டு இறங்கியது. விதிவிலக்காக, மெக்கார்ட்னியின் கச்சேரியில் நீல் யங் மேடையேறிச் சில பாடல்களில் சேர்ந்துகொண்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் ஒரு பீட்டில்ஸ் பாடலைப் பாடினர். ஒரு பழைய கணக்குத் தீர்ந்தது என்றும் சொல்லலாம்: 1963இல் ஸ்டோன்ஸின் இரண்டாவது தட்டுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர்கள் லெனனும் மெக்கார்ட்னியும்தான். இரண்டாம் வார இறுதி தொடங்குவதற்கு முந்தைய நாள், அக்டோபர் 13 அன்று, டிலனுக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் மேடையில் டிலன் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருக்குப் பின் வந்த ஜாகர்தான் குறிப்பிட்டார்.

பின்னர்

ஸ்டோன்ஸின் டிரம் கலைஞர் சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில் 80 வயதில் இறந்தார். அந்த வரிசையை இனி அப்படியே திரும்பக் காண முடியாது.

2023 அக்டோபரில் இதே மைதானத்தில் பவர் டிரிப் என்ற விழா நடந்தது. இம்முறை ஹெவி மெட்டல் குழுக்கள். பாட ஒப்புக்கொண்டிருந்த ஆஸி ஆஸ்பர்ன் உடல்நிலை காரணமாக விலகினார். ஜூடாஸ் பிரீஸ்ட் குழு அவர் இடத்தில் வந்தது. அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருந்தது.

அவரது கடைசிக் கச்சேரி 2025 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், அவர் வளர்ந்த ஆஸ்டன் பகுதியில் உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் நடந்தது. மெட்டாலிகா, கன்ஸ் அன்ட் ரோஸஸ், ஸ்லேயர் முதலிய குழுக்கள் அன்று முழுவதும் வாசித்தன. வருமானம் பார்க்கின்சன் நோய் ஆய்வுக்கும் குழந்தைகளுக்கான மருத்துவ அமைப்புகளுக்கும் என அறிவிக்கப்பட்டது. இரவில் ஆஸ்பர்ன் கறுப்பு சிம்மாசனம் ஒன்றில் அமர்ந்தபடியே மேடைக்கு வந்தார். முதலில் தன் தனிப் பாடல்கள் ஐந்து. பிறகு டோனி ஐயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட் ஆகியோருடன் பிளாக் சபாத்தின் நான்கு பாடல்கள். 1968இல் தொடங்கிய குழுவின் மூல உறுப்பினர் நால்வரும் சேர்ந்து வாசித்தது இருபது ஆண்டுகளில் அதுவே முதல்முறை. பாடும்போது எழ முயன்றார், எழ முடியவில்லை. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, 76 வயதில் இறந்தார்.