ஹெட்டு மாற்றும்போது அளக்க வேண்டிய இரண்டாவது இடைவெளி

உறுவையாறு முதலான வில்லியனூர் கொம்யூன் கிராமங்களிலும், தெற்கே பாகூர் ஏரி நீர் பாயும் வயல்களிலும், மின்சார மோட்டார் வந்து வெகுகாலம் ஆன பின்னரும், ஆயில் எஞ்சின் என்று குடியானவர்கள் வழங்கும் டீசல் இயந்திரத்துக்கும் டிராக்டருக்கும் உள்ள அவசியம் நீங்கிவிடவில்லை. அப்படிப்பட்ட இயந்திரம் ஒன்று, குளிர்விக்கும் தண்ணீர் நின்றுபோனதை யாரும் கவனியாத வேளையில் சூடேறி, சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டு வெடித்துப் போகுமானால், அசல் கம்பெனி ஹெட்டின் விலையை விசாரித்து மலைத்த விவசாயி, வேறொரு பட்டறையில் வார்த்த ஹெட்டை வாங்கிவந்து மெக்கானிக்கிடம் கொடுப்பது இயல்பு. அதை இகழ்வது நியாயமன்று. ராஜ்கோட்டில் ஆயில் எஞ்சினும் அதன் சாமான்களும் செய்யும் சிறு தொழிற்சாலைகள் இல்லாதிருந்தால், நம் நாட்டில் எத்தனையோ ஏழை விவசாயிகளின் பம்புகள் பழுதான நாளிலேயே பழைய இரும்பாகியிருக்கும். ஆனால், போல்ட்டுகள் துளைகளில் ஒழுங்காக இறங்கிவிட்டன என்ற ஒரே காரணத்தால் புது ஹெட்டு பழையதற்குச் சமமாகிவிட்டது என்று நம்பி இயந்திரத்தை முடுக்குவது பெரும் அபாயம்.

பூனாவை அடுத்த கிர்க்கியில் 1946-ஆம் ஆண்டு தோன்றிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனத்தின் ஏ.வி.1 என்ற ஐந்து குதிரைச் சக்தி இயந்திரத்தை உதாரணமாகக் கொள்வோம். அதன் சிலிண்டர் 80 மில்லிமீட்டர் விட்டமுள்ளது; பிஸ்டன் மேலும் கீழும் 110 மில்லிமீட்டர் செல்கிறது. நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 750 முறை, அதாவது விநாடிக்குப் பன்னிரண்டு முறைக்கும் மேலாகத் திறந்து மூடுகிறது. இத்தனை வேகத்தில் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று தீண்டாமல் விலகிச் செல்ல வேண்டும்.

வால்வு இடைவெளி என்றவுடன் மெக்கானிக்குகள் எல்லோரும் நினைப்பது டாப்பெட் இடைவெளியை. ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்க்கும் அந்தச் சோதனை, உஷ்ணத்தால் வால்வுத் தண்டு நீளும்போது வால்வு முழுதும் மூடாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. அதன் அளவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். திருவொற்றியூரில் உருவாகிவந்த பழைய என்ஃபீல்டு புல்லட்டில், குளிர்ந்த நிலையில் இடைவெளியே வைப்பதில்லை; புஷ்ராடு விரலால் சுற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவே. ஏனெனில் அதன் அலுமினிய ஹெட்டு சூட்டில் விரிந்து, வேண்டிய இடைவெளியைத் தானே உண்டாக்கிவிடுகிறது. ஆகையால் ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு வைப்பது கூடாது.

டாப்பெட்டைச் சரிபார்த்ததும் வேலை முடிந்ததென்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அதற்கு அப்பால், சிலிண்டரின் இருட்டுக்குள், எந்தத் தகடும் நுழைய முடியாத இடத்தில், வால்வின் முகத்துக்கும் பிஸ்டனின் தலைக்கும் இடையே இரண்டாவது இடைவெளி ஒன்று இருக்கிறது. புகைபோக்கி வால்வு இன்னும் முழுதும் மூடாமலும், காற்று வால்வு அப்போதுதான் திறக்கத் தொடங்கியும் இருக்கும் அந்தக் கணத்தில் பிஸ்டன் உச்சிக்கு வந்து சேருகிறது. இத்தகைய டீசல் இயந்திரத்தில் காற்றைப் பதினாறு பங்குக்கும் மேலாக அழுத்தி, அதன் உஷ்ணத்தாலேயே எண்ணெயைத் தீப்பற்றச் செய்ய வேண்டியிருப்பதால், உச்சியில் மிஞ்சும் இடம் மிகக் குறுகியது. பிஸ்டனின் தலையிலுள்ள குழியை விட்டுவிட்டால், சமதளப் பகுதிக்கும் ஹெட்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்னாகவே இருக்கும்.

வேற்று ஹெட்டு இந்தக் குறுகிய இடத்தைப் பல வழிகளில் தின்றுவிடக்கூடும். வால்வு சீட் அசலைவிட மேலோட்டமாக வெட்டப்பட்டிருந்தால் வால்வின் முகம் கீழே துருத்தும். வால்வுத் தலையின் கனம் கூடியிருந்தாலும் அதே விளைவு. ஹெட்டின் முகத்தை லேத்தில் பேசிங் செய்து சீவியிருந்தால் வால்வும் பிஸ்டனும் அந்த அளவு நெருங்கிவிடும். இவற்றில் எதுவும் தனியே பெரிதாயிராது. ஆனால் பிஸ்டனையும் கேஸ்கட்டையும் வெவ்வேறு பட்டறைகளில் வாங்கியிருந்தால், சிறு வித்தியாசங்கள் எல்லாம் ஒரே திசையில் சேர்ந்துவிடுவதும் உண்டு. அப்போது முதல் முடுக்கிலேயே வால்வு வளையும். வால்வுத் தலை முறிந்து விழுந்தால் பிஸ்டனே உடையும்.

இதைத் தவிர்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஹெட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, நேர்ப்பட்டையை அதன் முகத்தில் குறுக்கே சார்த்தி, வால்வு எவ்வளவு உள்வாங்கியிருக்கிறதென்று பழைய ஹெட்டோடு ஒப்பிடுவது முதற்காரியம். பிறகு பிஸ்டன் தலைமேல் மென்மையான ஈயக் கம்பித் துண்டுகளைக் குழியைத் தவிர்த்து வைத்து, முன்பே அழுந்திய கேஸ்கட்டோடு ஹெட்டைக் கைப்புத்தகம் சொல்லும் இறுக்கத்துக்கு முறுக்கி, ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றி, மறுபடி பிரித்து நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். வால்வுக்கு நேர்கீழே அறிய, எண்ணெய் தடவிய களிமண்ணைப் பிஸ்டன்மேல் அப்பி, டாப்பெட்டைச் சரியாக வைத்து, இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, பதிந்த தடத்தைக் கத்தியால் அறுத்து மெல்லிய இடத்தை அளப்பது வழக்கம். வேகமாகச் சுழலும் பெட்ரோல் இயந்திரங்களில் காற்று வால்வுக்கு இரண்டு மில்லிமீட்டரும், புகைபோக்கி வால்வுக்கு இரண்டரை மில்லிமீட்டரும் குறைந்தபட்சமென்று கொள்வார்கள். புகைபோக்கி வால்வு அதிகம் சூடேறி நீள்வதோடு, மூடும் அதைப் பின்னாலிருந்து பிஸ்டன் துரத்தி வருவதும் அந்த அதிக அளவுக்குக் காரணம். டீசலுக்கு அந்த அளவு பொருந்தாது, கைப்புத்தகமே பிரமாணம். சுற்றும்போது எங்கேனும் தட்டினால் கையை உடனே நிறுத்த வேண்டும். பலத்தைப் பிரயோகிப்பவர் வால்வை வளைத்துவிடுவார்.

இடைவெளி குறைந்ததென்று கண்டவுடன் கனமான கேஸ்கட்டை வைத்து ஒப்பேற்றுவது சுலபமாகத் தோன்றும். ஆனால் ஏ.வி.1 இயந்திரத்தில் அரை மில்லிமீட்டர் கூடினாலே, 16.5 பங்காக இருக்கும் அழுத்தம் 15.5 பங்குக்கு இறங்கிவிடும். மார்கழிக் காலையில் பிடிவாதம் பிடிப்பதும், வெள்ளைப் புகை கக்குவதும், எண்ணெய் அதிகம் குடிப்பதும் அதனால் வருபவை. சீட்டைச் சரியான ஆழத்துக்கு வெட்டி வால்வை லேப்பிங் செய்வதே நேரான பரிகாரம்.

இத்தனைக்கும் அரை நாள் கூடுதலாகப் பிடிக்கும். வயல் காய்கிறதென்று அவசரப்படுத்தும் சொந்தக்காரரும், ஹெட்டு மாற்றுவதற்கென்று ஒரே கூலி பேசிக்கொண்ட மெக்கானிக்கும் சேர்ந்தே இந்த அளவைத் தவிர்த்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். அளப்பதற்கென்று தனிக் கூலி பேசி, அளந்த எண்ணைச் சொல்லும்படி கேட்பவருக்கு அந்த வேலை ஒழுங்காக நடக்கும். இயந்திரம் சில மணி நேரம் பாரத்தோடு ஓடி ஆறிய பிறகு, புதுக் கேஸ்கட் அழுந்தியிருக்குமாகையால், ஹெட்டு நட்டுகளை முறைப்படி மறுபடி இறுக்கி, டாப்பெட்டையும் இன்னொரு முறை வைக்க வேண்டும்.