தண்ணீர் இல்லை என்றொரு பொய்

மறைகுறி மனிதர்கள் – 17

இறந்துபோன ஒரு தளபதியின் பெயரில் ஏஐ ஆலோசகர் ஒன்றை உருவாக்குவது இன்று பெரிய வித்தை இல்லை. அவர் எழுதியது, பேசியது, அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியது எல்லாவற்றையும் கொட்டி, 'இனி நீதான் அவர், பதில் சொல்' என்றால் போதும். சொல்லும். அதுவும் கணீரென்று சொல்லும்.

நியூ ஆர்லியன்ஸில் உள்ள தேசிய இரண்டாம் உலகப்போர் அருங்காட்சியகம் 2024இல் இதை நிதானமாகச் செய்தது. பார்வையாளர் கேட்கும் கேள்விக்குப் பொருத்தமாக, முன்னாள் வீரர்கள் உயிரோடு இருந்தபோது பதிவு செய்த பதில்களிலிருந்து ஒன்றைக் கணினி தேடி எடுத்துக் காட்டும். அவர் சொல்லாத எதையும் அது சொல்லாது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஒரு கைபேசிச் செயலி அவ்வளவு நிதானம் காட்டவில்லை. வரலாற்று மனிதர்களை எல்லாம் உரையாட விட்டது. நாஜித் தலைவர்களின் பிம்பங்கள் யூதப் படுகொலைக்கு மழுப்பலாகச் சமாதானம் சொல்ல, கண்டனம் கிளம்பியது.

உளவு அமைப்புகளுக்கும் தங்கள் முன்னோரைப் பேசவைக்கும் ஆசை வரத்தான் செய்யும். அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. 2023இல் ஏஐ பாதுகாப்புக்கென்றே தனி மையம் தொடங்கியது. ஹவாயில் உள்ள தன் கட்டடத்துக்கு 2012இலேயே ஜோசப் ரோஷ்ஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரியின் பெயரைச் சூட்டிவிட்டது. இன்றைய சைபர் படைகள் செய்வதை, கணினி என்று ஒன்று வருவதற்கு முன்பே, துளை அட்டைகளையும் பென்சிலையும் வைத்துச் செய்தவர் அவர். கட்டடத்துக்கு அடுத்து அவர் பெயரில் ஒரு ஏஐ ஆலோசகர் வந்தாலும் வியப்பதற்கில்லை. அப்படி ஒன்று வந்தால் அது அவருக்கு மரியாதையா, அவமானமா என்பதைத்தான் இந்த வாரம் யோசிக்கப் போகிறோம். அதற்கு அந்த மனிதர் என்ன செய்தார் என்று தெரிய வேண்டும்.

ரோஷ்ஃபோர்ட் 1900இல் ஒஹாயோவின் டேட்டன் நகரில் பிறந்தார். கடற்படைக் கழகத்தில் படித்து அதிகாரியானவர் அல்லர். 1918இல் சாதாரணமாகப் படையில் சேர்ந்து மேலே வந்தவர். கடைசிவரை அந்த வேற்றுமையைச் சிலர் மறக்கவில்லை. குறுக்கெழுத்துப் புதிர் போடுவதில் கில்லாடி என்பதால்தான் மறைகுறிப் பயிற்சிக்கே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பார்கள். 1929 முதல் மூன்றாண்டுகள் ஜப்பானில் தங்கி மொழி கற்றார். கூடவே கற்க வந்தவர் எட்வின் லேட்டன். இந்த நட்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1941இல் பேர்ல் ஹார்பரில் 'ஹைப்போ' என்ற மறைகுறி நிலையத்துக்கு அவர் தலைவரானார். நிலையம் என்றால் நிர்வாகக் கட்டடத்தின் அடியில், ஜன்னலே இல்லாத ஒரு நிலவறை. எந்நேரமும் குளிர். சீருடைக்கு மேல் ஒரு பழைய வீட்டு அங்கியைப் போட்டுக்கொண்டு, சிமென்ட் தரையில் கால் கடுக்காமல் இருக்கச் செருப்பு மாட்டிக்கொண்டு நடமாடுவார். பல நாட்கள் அங்கேயே கட்டில் போட்டுத் தூங்கினார். ஆள் பற்றாக்குறை வந்தபோது, அங்கே ஜப்பான் நடத்திய தாக்குதலில் சேதமடைந்த 'கலிஃபோர்னியா' போர்க்கப்பலின் பேண்டு வாத்தியக்காரர்களைக் கொண்டுவந்து ஐ.பி.எம். அட்டை இயந்திரங்களில் உட்கார வைத்தார்கள். வாத்தியம் இல்லாத வாத்தியக்காரர்கள் அந்த வேலையில் பிரமாதமாகத் தேறினார்கள்.

ஆனால் அவர் கதை வெற்றியில் தொடங்கவில்லை. 1941 டிசம்பர் தொடங்கும்போது ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் வானொலிச் சத்தம் சுத்தமாக நின்றுபோயிருந்தது. பசிபிக் கடற்படையின் உளவு அதிகாரியாக இருந்த லேட்டன், ஹைப்போ தந்த தகவல்களை வைத்து, டிசம்பர் 2 அன்று தளபதி கிம்மலிடம் அறிக்கை கொடுத்தார். முக்கியமான விமானந்தாங்கிகள் எங்கே என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. ஏன் என்று தளபதி கேட்டார். தெரியவில்லை ஐயா என்றார் லேட்டன். அப்படியானால் அவை இப்போது டயமண்ட் ஹெட் முனையைச் சுற்றி வந்துகொண்டிருந்தாலும் உமக்குத் தெரியாது, அப்படித்தானே என்று கிம்மல் கேட்டார். டயமண்ட் ஹெட் என்பது ஹொனலுலுவின் வாசலிலேயே இருக்கும் மலை. வந்திருந்தால் இதற்குள் யார் கண்ணிலாவது பட்டிருக்கும் என்று நம்புகிறேன் என்றார் லேட்டன்.

ஐந்து நாளில் அவை வந்தன. யார் கண்ணிலும் படாமல்.

தளபதிக்கு, எதிரி நாளை என்ன செய்யப்போகிறான் என்பதை இன்று சொல்வது மட்டுமே உளவு அதிகாரியின் வேலை, அதைச் சொல்லவில்லை என்றால் அவன் தோற்றவன். பிற்காலத்தில் ரோஷ்ஃபோர்ட் தன்னை இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட்டார். இவ்வளவுக்கும் அந்த மாதங்களில் ஜப்பானின் முக்கியக் கடற்படை மறைகுறியான ஜே.என்.25ஐ உடைக்கும் வேலையை வாஷிங்டன் ஹைப்போவுக்குத் தந்திருக்கவே இல்லை. தாக்குதலுக்குப் பிறகுதான் தந்தது.

1942 ஏப்ரலில் அதே விமானந்தாங்கிகளில் ஐந்து (அகாகி, சோர்யு, ஹிர்யு உட்பட) இலங்கைக்கு வந்தன. கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயங்கிய பிரிட்டிஷ் மறைகுறிக் குழு, தாக்குதல் வரும் என்பதையும் அது கொழும்புக்குத்தான் என்பதையும் சரியாகவே கண்டுபிடித்திருந்தது. நாள் மட்டும் பிசகியது. ஏப்ரல் 1ஐ ஒட்டி வரும் என்று எதிர்பார்த்து அட்மிரல் சாமர்வில் இலங்கைக்குத் தெற்கே கடலில் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. எரிபொருளும் தண்ணீரும் தீர, மாலத்தீவின் அட்டு திட்டுக்குக் கப்பல்களைத் திருப்பிக்கொண்டு போனார். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' மூழ்கியது. இடையில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் வேறொரு ஜப்பானியப் படை குண்டு போட, சென்னை காலியானது. தாத்தா பாட்டிகள் 'எவாக்குவேஷன்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்களே, அது இதுதான். இடம் சரி, நாள் தப்பு என்றால் அதற்கு என்ன விலை என்பதை நம் பக்கத்து மக்கள் அப்படித்தான் கொடுத்தார்கள்.

மே மாதம் ஹைப்போவில் ஒரு பெயர் அடிக்கடி தட்டுப்பட ஆரம்பித்தது: 'ஏ.எஃப்.' ஜப்பானியர் அடுத்துத் தாக்கப்போகும் இடம். அது மிட்வே தீவு என்பதில் ரோஷ்ஃபோர்ட்டுக்குச் சந்தேகமே இல்லை. வாஷிங்டனில் இருந்த அவருடைய மேலதிகாரிகளுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. எதிரியின் செய்திகளில் படிக்க முடிந்ததே கொஞ்சம். ஐந்து இலக்கத் தொகுதிகளாக ஓடும் அந்த எண்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள். மீதியை நினைவாற்றலாலும் ஊகத்தாலும் நிரப்ப வேண்டியிருந்தது. ஊகம் என்று எதிரணி சொன்னதில் பொய்யும் இல்லை.

இங்கேதான் ரோஷ்ஃபோர்ட்டின் குழுவில் இருந்த ஜாஸ்பர் ஹோம்ஸ் ஒரு யோசனை சொன்னார். அவர் பொறியாளர், மிட்வேயில் குடிநீருக்கு என்ன பாடு என்று தெரிந்தவர். மிட்வேக்குக் கடலடித் தந்தி வழியாக ரகசியமாக ஓர் உத்தரவு போனது: 'நன்னீர் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று வானொலியில், மறைகுறி போடாமல், வெளிப்படையாகப் புலம்புங்கள்.' புலம்பினார்கள். கடலடித் தந்தியை எதிரியால் ஒட்டுக்கேட்க முடியாது, வானொலியைக் கேட்பான். கேட்டான். இரண்டு நாளுக்குள் ஜப்பானிய மறைகுறியில் ஒரு தகவல் பறந்தது: ஏ.எஃப்.பில் குடிநீர்ப் பஞ்சம்.

இந்தச் சம்பவத்தைச் சினிமாவில் காட்டும்போது ரோஷ்ஃபோர்ட் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்ததுபோல் காட்டுவார்கள். எனக்கு அது ரசிக்கவில்லை. அவருக்கு விடை முன்பே தெரியும். மறுப்பவனும் ஒப்புக்கொள்ளும் சாட்சியை எதிரியின் வாயாலேயே வரவழைத்தார், அவ்வளவுதான். என்னை நம்புங்கள், எனக்கு அனுபவம் இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் வாஷிங்டன் கோப்பை மூடிவைத்திருக்கும்.

மே கடைசியில் புதிய தளபதி நிமிட்ஸ் கூட்டிய ஆலோசனைக் கூட்டத்துக்கு ரோஷ்ஃபோர்ட் அரைமணி நேரம் தாமதமாக வந்தார். தூக்கம் இல்லாத கண்கள், கசங்கிய உடை. உடைத்த செய்திகளைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தாராம். அறையில் இருந்த அதிகாரிகளின் முகங்கள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிமிட்ஸ் கேட்டார், கேட்டு, தன்னிடம் இருந்த மூன்று விமானந்தாங்கிகளையும் மிட்வே பக்கம் அனுப்பினார். லேட்டனிடம் துல்லியமான இடமும் நேரமும் வேண்டும் என்றார். லேட்டன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: ஜூன் 4 காலை ஆறு மணி, மிட்வேயிலிருந்து 325 பாகைத் திசையில், 175 மைல். அன்று காலை எதிரியைப் பார்த்த செய்தி வந்ததும் நிமிட்ஸ் லேட்டன் பக்கம் திரும்பி, ஐந்து நிமிடம், ஐந்து பாகை, ஐந்து மைல்தான் பிசகியிருக்கிறீர் என்றார். மறுநாள் காலையோடு அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு நான்கும் போயின. கொழும்பின் மேல் விமானம் ஏவியவற்றில் மூன்று அதில் அடக்கம்.

ரோஷ்ஃபோர்ட்டுக்குச் சிறப்புச் சேவைப் பதக்கம் தரச் சொல்லி நிமிட்ஸ் எழுதினார். வாஷிங்டன் மறுத்தது. தாங்கள் சொன்னது தப்பு, நிலவறைக்காரன் சொன்னது சரி என்று ஆகிவிட்டதே, அந்தக் கோபம் ஆறவில்லை. அக்டோபரில் அவரை ஹவாயிலிருந்து திரும்ப அழைத்தார்கள். கொஞ்ச நாளில், ஜப்பானிய மொழியையும் மறைகுறியையும் அவ்வளவு அறிந்த மனிதர், கப்பல் பழுதுபார்க்கும் ஒரு மிதவைத் துறைக்குப் பொறுப்பாளராக இருந்தார். 1944இல்தான் மறுபடியும் உளவு வேலைக்கு எடுத்தார்கள். 1976இல் இறந்தார். ஹைப்போவில் இளம் அதிகாரியாக அவரிடம் வேலை பார்த்த டொனால்ட் ஷவர்ஸ் பின்னாளில் ரியர் அட்மிரல் ஆனார். பதக்கத்துக்காக விடாமல் நடையாய் நடந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1986இல் அதிபர் ரீகன் அந்தப் பதக்கத்தை ரோஷ்ஃபோர்ட்டின் பிள்ளைகளிடம் கொடுத்தார்.

ஆக, அவர் பெயரில் ஓர் ஏஐ ஆலோசகர் வந்தால் அதில் எதைப் போட்டு நிரப்புவது? அவர் விட்டுச்சென்ற எழுத்து குறைவு. ரகசிய வேலைக்காரர்கள் நாட்குறிப்பு எழுதுவதில்லை. 1969இல் கொடுத்த நீண்ட வாய்மொழிப் பேட்டி ஒன்று இருக்கிறது. லேட்டனும் ஹோம்ஸும் எழுதிய நூல்கள் இருக்கின்றன. அந்தக் குரலில், கொஞ்சம் குத்தலோடு பேச இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். நிலவறை, அங்கி, செருப்பு என்று படமும் வரைந்து மாட்டலாம். எல்லாம் வேஷம்.

அவரிடம் இருந்த சரக்கு வேறு. இன்றைய மொழி மாதிரிகளின் சுபாவமோ எதிர்த்திசை. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் ஜிபிடி-4ஓ மாதிரியின் ஒரு புதுப்பிப்பைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. காரணம், அது கேட்பவர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் சாமி போட்டது. மனிதர்களுக்குப் பிடித்த பதிலுக்கு மதிப்பெண் போட்டுப் பழக்கினால் இயந்திரம் அப்படித்தான் வளரும். அரண்மனைகளில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். ஒரு தளபதியின் மேசையில் அப்படி ஒரு ஆமாம் சாமியை உட்கார வைத்து, அதன் நெற்றியில் ரோஷ்ஃபோர்ட் என்று எழுதினால், 1942இல் வாஷிங்டன் செய்ததைவிட அது மோசம். அவர்களாவது பதக்கத்தைத்தான் மறுத்தார்கள்.

விலை என்று ஒன்றும் இருக்கிறது. ரோஷ்ஃபோர்ட் சொன்னது தப்பாகியிருந்தால் மூன்று விமானந்தாங்கிகள் தவறான கடலில் நின்றிருக்கும். அவர் பெயர் வேறு விதமாக வரலாற்றில் ஏறியிருக்கும். சரியாக இருந்தும் மிதவைத் துறைக்குப் போனார். மேலே இருப்பவன் முகம் சுளிக்கும் என்று தெரிந்து சொல்வதற்கும், எதையும் இழக்க இல்லாத ஒன்று சொல்வதற்கும் கேட்பவர் காதில் ஒரே எடை இருக்கக் கூடாது. இயந்திரத்தைத் தண்டிக்க முடியாது. அதனால் அதை நம்பவும் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது ஒவ்வொரு வரியிலும் இது படித்தது, இது ஊகம், இதைச் சோதிக்க வழி இது என்று பிரித்துக் காட்டட்டும். சோதிக்கும் வழியைச் சொல்லாத பதிலைத் தளபதியிடம் அனுப்பவே கூடாது. மிட்வேயின் குடிநீர்ப் பொய்யிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பொறியியல் இதுதான். குரலும் முகமும் பிறகு.

அப்படி ஓர் இயந்திரம் தயாரானால் அதை எப்படிப் பரிசோதிப்பார்கள்? 1941 டிசம்பர் 2ஆம் தேதி ஹைப்போவிடம் என்னென்ன இருந்ததோ அதை மட்டும் கொடுத்து, விமானந்தாங்கிகள் எங்கே என்று கேட்கலாம் என்று தோன்றும். பயனில்லை. அது வரலாற்றுப் புத்தகங்களை முழுக்கப் படித்துவிட்டே வந்திருக்கிறது. ஹவாய்க்கு வடக்கே என்று உடனே சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும். விடை இன்னும் யாருக்கும் தெரியாத கேள்வியைக் கொடுக்க வேண்டும். போதிய தகவல் இல்லாத ஒரு கேள்வி, பக்கத்தில் பதிலுக்காக அவசரப்படும் ஒரு அட்மிரல். அந்த நேரத்தில், லேட்டன் கிம்மலிடம் சொன்ன அந்த 'தெரியவில்லை ஐயா' அதன் வாயில் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுக்கட்டும்.

(அடுத்த வாரம்: பேண்டு வாத்தியக்காரர்களும் ஐ.பி.எம். அட்டைகளும்)