பழம் காட்டியவர் காணி; பலன் கண்டவர் யார்?

1987-ம் ஆண்டு டிசம்பர் மாதம். செடி கொடிகளை ஆராய்வதற்காக விஞ்ஞானிகள் குழு ஒன்று அகத்தியர் மலையில் ஏறிக் கொண்டிருந்தது. வழி காட்ட உடன் சென்றவர்கள், அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த காணிக்காரர்கள். ஏற்றமோ செங்குத்து. விஞ்ஞானிகளுக்கு மூச்சு இரைத்தது, கால் ஓய்ந்தது. வழிகாட்டிகள் மட்டும் சளைக்காமல் நடந்தார்கள். இடையிடையே கறுத்த சிறு பழங்களை வாயில் போட்டு மென்றார்கள். பின்தங்கியவர்களுக்கும் கொஞ்சம் கொடுத்தார்கள். தின்ற சற்று நேரத்தில் களைப்பு பறந்தது.

"இது என்ன பழம்? எந்தச் செடியில் காய்க்கிறது?"

காணிகள் உடனே சொல்லி விடவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாத ரகசியம் என்று தயங்கினார்கள். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி சொல்லிப் பலமுறை கேட்ட பிறகே செடியைக் காட்டினார்கள்.

அதுதான் ஆரோக்கியப்பச்சை.

தாவர நூல்களுக்கு அது புதிய செடி அல்ல. 'டிரைகோபஸ் ஜெய்லானிகஸ்' என்று 18-ம் நூற்றாண்டிலேயே பெயர் சூட்டி ஏட்டில் எழுதி விட்டார்கள். பெயர் தெரிந்தவர்களுக்குக் குணம் தெரியவில்லை. குணம் தெரிந்தவர்களை அதுவரை யாரும் கேட்கவில்லை.

யார் இந்தக் காணிகள்?

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குக் காணிகள் தூரத்து மனிதர்கள் அல்ல. ஊரிலிருந்து கிழக்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடர்தான் அவர்கள் வீடு. தமிழர்கள் பொதிகை என்று கொண்டாடும் மலையும் அதுவே. மலைக்கு மேற்கே திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களிலும், இந்தப் பக்கம் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் காணிக் குடியிருப்புகள் உண்டு. அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி. வைத்தியமும் மந்திரமும் அறிந்தவர் பிலாத்தி. எந்த இலை எந்த நோய்க்கு என்பது பிலாத்தியின் சொத்து. அதைக் கண்டவரிடம் சொல்லும் வழக்கம் இல்லை.

மருந்து பிறந்தது

குழுவுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் புஷ்பாங்கதன் அப்போது ஜம்முவில் உள்ள மத்திய ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். செடி அங்கே போயிற்று. சோதனையில், பழத்தில் மட்டுமல்ல, இலையிலும் சோர்வு நீக்கும் சத்து இருப்பது தெரிந்தது. பின்னர் அவர் பாலோட்டில் உள்ள வெப்ப மண்டலத் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக வந்தார். ஆரோக்கியப்பச்சையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து அங்கே தயாரானது.

1995-ல் அதைச் செய்து விற்கும் லைசென்ஸ் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. லைசென்ஸ் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. காலம் ஏழு ஆண்டு. வருகிற பணத்தில் சரிபாதி காணிகளுக்கு என்று தாவரவியல் தோட்டம் முடிவு செய்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது அப்படிப் பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் கிடையாது. மலைவாசிகளிடம் மூலிகை கேட்டுக்கொண்டு போனவர்களில் எத்தனையோ பேர் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. புஷ்பாங்கதன் பாதி என்றார். அதற்காக 2002-ல் ஜோகன்னஸ்பர்க் நகரில் ஐ.நா.வின் 'ஈக்குவேட்டர்' பரிசும் அவருக்குக் கிடைத்தது. உலகத்துக்கே இது முன்மாதிரி என்று புகழ்ந்தார்கள்.

ஆனால் அந்த லைசென்ஸ் பத்திரத்தில் ஒரு காணியின் கையெழுத்தும் இல்லை! யாருக்கு விற்பது, எத்தனை ரூபாய்க்கு, எத்தனை ஆண்டுக்கு என்பதெல்லாம் நிறுவனமும் கம்பெனியும் பேசி முடித்தவை. காணிகளுக்குக் கிடைத்தது பங்கு. பேசும் உரிமை கிடைக்கவில்லை. 1995-லேயே விதுரா பஞ்சாயத்தைச் சேர்ந்த பிலாத்திகள் சிலர், எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்கக் கூடாது என்று முதலமைச்சருக்கே கடிதம் எழுதினார்கள். லைசென்ஸ் நிற்கவில்லை.

நாலு வருஷம் காத்த பணம்

பணமாவது உடனே போய்ச் சேர்ந்ததா? ஆபீசில் பைல் நகரும் வேகம் தெரிந்த வாசகர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. பணத்தை யார் பெயரில் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. மூட்டுக்காணி பெயரில் சர்க்கார் செக் எழுதுமா? 1997 நவம்பரில் காணிகள் ஒரு நல அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள். 1999-ல்தான் 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் அதன் கணக்கில் சேர்ந்தது. கேரளத்துக் காணிகள் எல்லோருக்கும் பங்கிட்டால் தலைக்கு ஐம்பது ரூபாய்கூடத் தேறாது. நல்ல வேளையாகப் பங்கிடவில்லை. பேங்கில் போட்டு வட்டியை மட்டும் செலவு செய்வது என்று தீர்மானித்தார்கள். செடியைக் காட்டிய வழிகாட்டிகளுக்கும் ஒரு தொகை கொடுத்தார்கள்.

அறக்கட்டளையில் குற்றிச்சல் பக்கத்துக் காணிகளே முன்னால் நின்றார்கள். விதுரா, பெரிங்கம்மலைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மனத்தாங்கல். தமிழ்நாட்டுப் பக்கத்துக் காணிகளுக்கோ இந்தக் கணக்கில் இடமே இல்லை. 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைக்கோடு காட்டின் நடுவே போயிற்று. பாட்டன் ஒருவனே ஆனாலும் பேரன்மார் இரண்டு சர்க்காருக்குக் குடிமக்கள்.

இலை பறித்தால் குற்றம்

இதையெல்லாம்விடக் கொடுமை செடிக்கு நேர்ந்ததுதான். ஆரோக்கியப்பச்சை எங்கும் வளரும் செடி அல்ல. காட்டு நிழலில் வளர்ந்தால்தான் இலையில் குணம் நிற்கும். ஆகவே காணிக் குடும்பங்களே பயிரிடலாம், கம்பெனி இலையை வாங்கிக் கொள்ளும் என்று ஏற்பாடு நடந்தது. ராயல்டியைவிட இதில்தான் காணிகளுக்குச் சோறு இருந்தது. மாதா மாதம் கைக்கு வரக்கூடிய காசு!

வன இலாகா குறுக்கே நின்றது. ரிசர்வ் காட்டில் இலை பறிக்கக் கூடாது, அனுமதித்தால் செடியே அழிந்து விடும் என்றது. அந்தப் பயம் பொய்யும் அல்ல; மருந்தின் பெயர் பரவியதும் வெளியாட்கள் புகுந்து செடியை வேரோடு பிடுங்கிப் போனார்கள். ஆனால் திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்தி விட்டது. காலம் காலமாகக் காத்தவன் பறித்தால் குற்றம். இலை போதாமல் மருந்து உற்பத்தியும் தட்டுப்பட்டது.

கடல் கடந்தும் ஒரு கூத்து நடந்தது. வெளிநாட்டில் 'ஜீவனி' என்ற பெயரை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அமெரிக்கக் கம்பெனி ஒன்று அந்தப் பெயரைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டு விற்பனையில் இறங்கியது. அந்த விற்பனையில் காணிக்கு ஏது பங்கு?

சட்டம் வந்த பிறகு

2002-ல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. அதை நடத்தும் தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது. மக்கள் அறிவை வைத்துப் பொருள் ஈட்டுவோர் பங்கு தர வேண்டும் என்பது இப்போது சட்டம். 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டுச் சிறு விளைபொருள்களையும், பரம்பரை அறிவையும் மலைவாசிகளின் உரிமை என்கிறது. ஏட்டில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. 2023-ல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். நூல்களில் எழுதப்பட்ட பழைய வைத்திய அறிவைப் பயன்படுத்துவோர் இனிப் பங்கு தர வேண்டியதில்லை.

பிலாத்தியின் வைத்தியம் நூலில் இல்லை, நாவில் இருக்கிறது. பஞ்சாயத்து தோறும் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று எழுத வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ள விதி. மூலிகையின் பெயரையும் குணத்தையும் அதில் எழுதச் சொன்னால், ரகசியம் பறிபோய் விடுமே என்று பிலாத்தி யோசிக்கிறார். எழுதாமல் விட்டால், நாளை இன்னொரு கம்பெனி வரும்போது இது எங்களுடையது என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இராது.