நலமடைந்தோர் திரும்பி வருவார்களா?

ஞாயிறு திருப்பலி தொடங்குமுன் பூசைக் கருத்துகள் வாசிக்கப்படுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். இதய அறுவை சிகிச்சை நல்ல முறையில் முடிந்தமைக்காக ஒரு குடும்பத்தினர் நன்றி கூறுவர். சுகப்பிரசவத்திற்காக ஒரு தாய் நன்றி கூறுவாள். முறிந்த கால் கூடியமைக்காக, கண்புரை நீங்கிப் பார்வை பெற்றமைக்காக, மஞ்சட்காமாலை தணிந்தமைக்காக எனப் பட்டியல் நீளும். ஆனால் காசநோயினின்று குணமடைந்தமைக்காக நன்றி என்று ஒரு கருத்து வாசிக்கப்பட்டதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

உலகில் காசநோய் காண்போருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் லைன் வீடுகளும் நெருங்கி நிற்கும் திருப்பூர்த் தெருக்களில் இந்நோய் கண்டு குணமடைந்தோர் இல்லாமலில்லை. நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து செபிப்போருள்ளும் இருக்கக் கூடும். எனினும் அவர்களது நன்றிக்குரல் மட்டும் நம் செவிக்கு எட்டுவதில்லை. இதற்குக் காரணம் என்ன?

வாசலிலிருந்து திரும்பிய நன்றி

அண்மையில் ஒரு மாலை, பங்கு அலுவலகத்தில் நாம் அமர்ந்திருந்தபோது ஒருவர் உள்ளே வந்தார். பவர் டேபிளில் தைப்பவர்; வயது நாற்பதைத் தாண்டாதவர்; திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடித் திருப்பூர் வந்து பல ஆண்டுகள் ஆனவர். பூசைக்கு எழுத வேண்டும் என்றார். உபதேசியார் நோட்டைத் திறந்து, "என்ன கருத்துக்கு?" எனக் கேட்டார்.

"நோய் நீங்கியதற்கு நன்றி என்று எழுதுங்கள் ஐயா."

"என்ன நோய்?"

அவர் வாசற்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "டி.பி.ங்க. அதை எழுத வேண்டாம். பெயரும் வேண்டாம்" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று அவர் தம் கதையை நமக்குக் கூறினார். தொடக்கத்தில் இருமல்தான். நாள்தோறும் துணியிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசியினால் வந்த இருமல் என்றே அவர் எண்ணினார். மருந்துக் கடையில் டானிக் வாங்கிக் குடித்தார். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் காலம். ஒன்றரை ஷிப்டு வேலை. பீஸ் கணக்கில் கூலி. ஒரு நாள் படுத்தால் சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும். மாலையில் காய்ச்சல் வந்தது, இரவில் தலையணை நனையுமளவு வியர்த்தது, சட்டை தொளதொளத்தது. இரண்டு மாதம் கடந்து ஓரிரவு கைக்குட்டையில் செந்நிறம் கண்ட பின்னரே, மனைவி வற்புறுத்தித் தாராபுரம் சாலையிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

சளியைச் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய் என்று உறுதியாயிற்று. "ஆறு மாதம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும், ஒரு காசும் செலவில்லை" என்றார் மருத்துவர். மருந்தினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அஞ்ச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகளையும் அழைத்து வரச் சொல்லிப் பரிசோதித்தார்கள்.

அவர் கண் கலங்கியது வேறோர் இடத்தில். அவரைக் கவனித்துக்கொள்ளச் சுகாதாரப் பணியாளரான ஒரு பெண் வீட்டுக்கு வருவாராம். தம் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, உறவினர் போல நடந்து வந்து, "அண்ணா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவாராம். அக்கம்பக்கத்தார் ஐயுறலாகாது என்ற கரிசனை! இரண்டாம் மாத முடிவில் இருமல் நின்றது, உடல் தேறியது, கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. இனி மாத்திரை எதற்கு என்று இவர் விட்டுவிட எண்ணினார். அப்பெண் வாசற்படியில் அமர்ந்து, "பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்தையே வென்றுவிடும் அண்ணா. அப்புறம் பெரிய மருந்து, நெடுநாள் சிகிச்சை. உங்கள் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்" என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆறு மாதமும் நிறைவுற்றது. இறுதிச் சோதனையில் கிருமி இல்லை.

"அந்தத் தங்கைக்கும் டாக்டருக்கும் நன்றி சொல்லலாமென்று ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் எங்கள் கம்பெனி செக்கிங் ஆள் நின்றுகொண்டிருந்தார். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்."

நன்றியற்ற மனிதர் அல்லர் அவர். அவருடைய நன்றி மருத்துவமனை வாசல் வரை சென்று, வெட்கத்தினால் திரும்பி வந்துவிட்டது.

அச்சம் எங்கிருந்து வந்தது?

இவ்வெட்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1882 மார்ச் 24 அன்று இராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்ததாக பெர்லினில் அறிவித்தார். காரணம் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. நாம் அன்புடன் சிறுமலர் என்றழைக்கும் புனித தெரேசாள், 1897 செப்டம்பர் 30 அன்று தம் 24ஆம் வயதில் லிசியே கார்மேல் மடத்தில் உயிர் நீத்ததும் இந்நோயினாலேயே. புனிதரையும் தீண்டிய நோய் பாவத்தின் தண்டனையாவது எங்ஙனம்?

மருந்தில்லாத அக்காலத்தில் ஓய்வும் நல்லுணவும் தூய காற்றுமே சிகிச்சை. அதற்கென ஊருக்கு அப்பால் சானடோரியங்கள் எழுந்தன. சென்னைக்கருகே தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவுரி முத்து ஒன்றைத் தொடங்கினார். திருப்பூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத பெருந்துறையிலும் இராமலிங்கம் காசநோய் சானடோரியம் இருந்தது. பின்னாளில் அவ்வளாகத்திலேயே மருத்துவக் கல்லூரி எழுந்தது. சானடோரியம் என்ற பெயர் இன்றும் அவ்விடத்தை விட்டு நீங்கவில்லை. அன்று அங்கே சென்றவர் எப்போது திரும்புவார், திரும்புவாரா என்பதே வீட்டாரின் கவலை. பாட்டிமார் அஞ்சிய அந்த அச்சம், நோய்க்கு மருந்து வந்த பின்னும் பேரப்பிள்ளைகளின் மனத்தில் தங்கிவிட்டது.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியசிட் மாத்திரை பயனுக்கு வந்தது. ஆனால் இத்தனை நோயாளிகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது? இவ்வினாவிற்கு விடை காணப்பட்டது நம் தமிழ் மண்ணிலேயாம். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தில், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மறு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தம் ஏழை வீடுகளிலேயே இருந்து அதே மருந்துகளை உண்டனர். 1959இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பத்தினரைத் தொடர்ந்து கவனித்ததில், இதனால் அவர்களிடையே நோய் மிகுதியாகப் பரவவில்லை என்பதும் தெளிவாயிற்று. முறையாக மருந்துண்ணத் தொடங்கிய சில வாரங்களிலேயே நோயைப் பரப்பும் ஆற்றல் பெரிதும் ஒடுங்கிவிடுகிறது.

அந்த 193 பேரின் பெயர் நமக்குத் தெரியாது. குடிசையிலும் ஒண்டுக்குடித்தனத்திலும் இருந்துகொண்டு, வாரந்தவறாது மையத்திற்கு வந்து, சோதனைகளுக்கு உடன்பட்ட எளியோர் அவர்கள். இன்று திருப்பூரில் ஒருவர் தம் மனைவி மக்களைப் பிரியாமல் வீட்டிலிருந்தே குணமடைகிறாரெனில், அந்த எளியோர்க்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மறைத்தலின் விலை

நோயை மறைப்பதால் தமக்குத் தீங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சொல்ல வெட்கப்படுபவர் சோதிக்கவும் வெட்கப்படுவார். இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலைத் தூசியின் மேல் சுமத்திக் காலம் கடத்துவார். அதற்குள் அடுத்த மெஷினில் அமர்ந்திருப்பவருக்கும் மடியில் தவழும் குழந்தைக்கும் நோய் சென்றிருக்கும்.

உரிய உதவியும் அவரைச் சென்றடையாது. காசநோயாளியின் சத்துணவிற்காக மத்திய அரசு 2018இல் மாதம் 500 ரூபாய் வழங்கத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் அதனை 1000 ரூபாயாக உயர்த்தியது. நோய் முற்றிய நிலையிலுள்ளோரைத் தொடக்கத்திலேயே இனங்கண்டு உடனே படுக்கையில் சேர்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நீண்டகால நோய்களின் வரிசையில் காசநோயும் உள்ளது. இரண்டாண்டுகளாயினும் வேலையிலிருந்து, சந்தா நிபந்தனைகளை நிறைவு செய்த தொழிலாளிக்குச் சிகிச்சைக் காலத்தில் கூலியில் 80 விழுக்காடு வரை கிடைக்க வழியுண்டு. நோயைச் சொல்லாமல் வேலையைவிட்டு நின்றுவிடுபவர் இவ்வுரிமையையும் சேர்த்து இழக்கிறார்.

மறைக்காமல் பேசியவர்களும் இருக்கிறார்கள். மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன் என்ற பத்திரிகையாளர் இளம் வயதில் இருமுறை காசநோய்க்கு ஆளானார். இரண்டாம் முறை, மருந்தின் பக்கவிளைவால் செவிப்புலனையே இழந்தார். பரதநாட்டியம் பயின்ற அவர் ஓசை கேளாத நிலையிலும் மீண்டும் மேடையேறி ஆடினார். அதோடு அமையவில்லை. தம்மைப் போலவே செவிப்புலன் இழந்த தென்னாப்பிரிக்கப் பெண்மணி பூமேசா டிசிலேயுடன் சேர்ந்து, மருந்துக்கு வசப்படாத காசநோயை வெல்லும் பெடாக்குவிலின் என்ற மருந்தின் காப்புரிமை நீட்டிக்கப்படலாகாது என 2019இல் முறையிட்டார். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் கோரிக்கையை நிராகரித்தது. அம்மருந்து மலிவாகக் கிடைக்க வழி திறந்தது. உயிர் பிழைத்த ஒருவர், பின்னே வரும் நோயாளிகளுக்குச் செலுத்திய நன்றியன்றோ இது!

உரத்த குரலில் ஒரு நன்றி

லூக்கா நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் வரும் பத்துத் தொழுநோயாளரை நாம் அறிவோம். ஊருக்கு வெளியே, மக்களுக்கு எட்ட நின்று கூவியவர்கள் அவர்கள். வழியிலேயே பத்துப் பேரும் நலமடைந்தனர். திரும்பி வந்தவன் ஒருவனே, அவனும் சமாரியன். ஏனைய ஒன்பதின்மரை நன்றி கெட்டவர்கள் என்றே மறையுரைகளில் கேட்டு வந்திருக்கிறோம். ஆனால் சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம். ஒருகால், நோயுற்றிருந்த செய்தியே எவர்க்கும் தெரியாமல் விரைந்து வீடு சேர எண்ணினார்களோ? திரும்பி வந்தவனோ எல்லாரும் கேட்க உரத்த குரலில் இறைவனைப் புகழ்ந்து வந்தான் என நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். தான் தொழுநோயாளியாயிருந்ததை அறிவிக்காமல் அவன் அந்த நன்றியைச் சொல்லியிருக்க இயலாது.

இதில் ஒன்பதின்மரின் தவறு மட்டுமன்று, ஊராரின் தவறும் உண்டு. குணமடைந்தவரின் தம்ளரைத் தனியே வைக்கும் வீடும், பெண் கொடுக்கத் தயங்கும் உறவும், மீண்டும் வேலை தர மறுக்கும் கம்பெனியும் இருக்கும்வரை நன்றி நாவிலேயே உறைந்துவிடும். ஆதலால் நம் பங்குக் குடும்பங்கள் செய்யத்தக்கன சில உண்டு. அன்பியக் கூட்டங்களில் இந்நோயின் பெயரை வெளிப்படையாக உச்சரிப்போம். நெடுநாள் இருமுகிறவரை ஒதுக்காமல் மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்வோம். நோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் வழங்க முன்வருவோரை நிக்ஷய் மித்ரா என்ற பெயரில் அரசு 2022 முதல் ஏற்று வருகிறது. பங்கின் வின்சென்ட் தே பால் சபையும் இதில் பதிவு செய்துகொள்ளலாமே!

வேப்பமரத்தடியில் நம்மிடம் பேசியவர் அன்று நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர் மீண்டும் அலுவலகத்திற்குள் சென்றார். "பெயர் வேண்டாம் ஐயா. ஆனால் நோயின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

அடுத்த ஞாயிறு, இதய அறுவை சிகிச்சைக்கும் சுகப்பிரசவத்திற்கும் நடுவே அக்கருத்தும் வாசிக்கப்பட்டது: காசநோயினின்று குணமடைந்தமைக்காக ஒரு குடும்பத்தினரின் நன்றி. கோயிலில் ஒரு கணம் அமைதி நிலவியது. பூசை முடிந்து கூட்டம் கலைந்த பின், வயதான தாய் ஒருவர் உபதேசியாரிடம் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"ஏனுங்க ஐயா, அந்த நோய் நெசமாலுமே தீர்ந்துடுதுங்களா? எம் பையன் ஒரு மாசமா இருமிட்டே இருக்கிறானுங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகோணும்?"

தூண் மறைவில் நின்றிருந்த ஒருவர் முன்வந்து, "வாங்கம்மா, நானே கூட்டிப் போகிறேன். எனக்கு அந்த இடம் தெரியும்" என்றார்.